நோட்டில் இடம்பெறாத நாளிதழ்: யூசோஃப் இஷாக்கின் உருவமும் சிங்கப்பூரின் பாலிமர் பணமும்

சிங்கப்பூரில் புழங்கும் இரண்டு, ஐந்து, பத்து வெள்ளி பாலிமர் நோட்டுகள் மூன்றிலும் ஒரே மனிதரின் முகம் இருக்கிறது. தலையில் சொங்கோக் தொப்பி, உடம்பில் கோட்டும் டையும். அவர் அந்நாட்டின் முதல் அதிபர் யூசோஃப் பின் இஷாக். 1910இல் பேராக் மாநிலத்தில் பிறந்தவர். 1970 நவம்பர் 23 அன்று பதவியில் இருக்கும்போதே காலமானார். அவர் அதிபராக இருந்தவர் என்பதை நோட்டைக் கையில் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் அறிவர். அதற்கு முன்பு ஏறத்தாழ கால் நூற்றாண்டைப் பத்திரிகை அலுவலகங்களில் கழித்தவர் என்பதை அந்த நோட்டு எங்கும் சொல்வதில்லை. இந்த விடுபடல் சிறியதன்று என்பது என் வாதம். அதிபர் பதவிக்கு அவரைத் தகுதியுள்ளவராக்கியது அவர் தொடங்கி நடத்திய நாளிதழே. பதவியை மட்டும் நினைவில் நிறுத்திப் பத்திரிகையாளரை மறந்துவிட்டால், அந்த முகம் ஏன் அங்கே இருக்கிறது என்ற கேள்விக்குப் பாதி விடைதான் கிடைக்கும்.

பூவும் பறவையும் கப்பலும்

சிங்கப்பூர் தன் பெயரில் நோட்டு வெளியிடத் தொடங்கியது 1967 ஜூன் மாதத்தில். அதற்கு முன்பு மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ நாணய வாரியத்தின் நோட்டுகள் அங்கே செல்லுபடியாயின. 1953 நாளிட்டவற்றில் அரசி எலிசபெத்தின் உருவம் இருந்தது. 1959 நாளிட்ட ஒரு வெள்ளி நோட்டில் அவர் இடத்தில் பாய்மரப் படகும், 1961 நாளிட்ட பத்து வெள்ளி நோட்டில் எருமை பூட்டி உழும் உழவரும் வந்தனர். அரசியின் முகம் விலகிய இடத்தில் வேறு எவர் முகத்தையும் வைக்கக் குடியரசு அவசரப்படவில்லை. 1967இன் நோட்டு வரிசையில் ஆர்க்கிட் மலர்கள், 1976இல் பறவைகள், 1984இல் கப்பல்கள். வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் நீர்க்குறி சிங்கத்தின் தலை. முப்பதாண்டுக்கு மேல் அன்றாடப் புழக்கத்தில் இருந்த எந்த நோட்டிலும் தலைவர் எவரும் இல்லை.

இதை வெறும் அழகியல் விருப்பம் என்று நான் கருதவில்லை. 1964 ஜூலை 21 அன்றும் அதே ஆண்டு செப்டம்பரிலும் இனக்கலவரங்களைக் கண்ட நகரம் அது. அடுத்த ஆண்டே மலேசியாவிலிருந்து பிரிய நேர்ந்த நாடு. சீனர் முக்கால் பங்கினராகவும், மலாய்க்காரர் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கினராகவும், இந்தியர் அதற்கும் குறைவாகவும் வாழும் இடத்தில் எந்த மனிதரின் முகத்தை அச்சிட்டாலும் அது ஓர் இனத்தின் முகமாகவே முதலில் பார்க்கப்படும். ஆர்க்கிட்டுக்கு இனம் இல்லை. நாட்டின் பெயரை மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என நான்கு மொழிகளிலும் அச்சிட்டுப் படத்துக்குப் பூவை வைத்துக்கொண்டது, காயம் ஆறாத ஒரு சமூகத்தின் விவேகமான தேர்வு.

அந்த விரதம் முதலில் முறிந்தது 1990இல். விடுதலையின் இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவையொட்டி ஐம்பது வெள்ளி நினைவு நோட்டு ஒன்று வெளியாயிற்று. சிங்கப்பூரின் முதல் பாலிமர் நோட்டு அதுதான். யூசோஃப் இஷாக்கின் உருவம் தாங்கி வந்ததும் அதுதான். ஆக, அந்நாட்டில் பாலிமரும் தலைவரின் முகமும் ஒரே நோட்டில், ஒரே நாளில் நுழைந்தன.

இரண்டுக்கும் தொழில்நுட்ப அளவிலும் தொடர்பு உண்டு. 1966இல் ஆஸ்திரேலியாவின் புதிய பத்து டாலர் நோட்டுகள் கள்ளத்தனமாக அச்சிடப்பட்டுப் புழக்கத்தில் விடப்பட்டன. அந்த அதிர்ச்சிக்குப் பின் அந்நாட்டு மைய வங்கியும் அரசு அறிவியல் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து இருபதாண்டு உழைத்து உருவாக்கியதே இன்றைய பாலிமர் நோட்டு. பாலிபுரோப்பிலீன் படலத்தை இரு திசைகளிலும் இழுத்து உறுதிப்படுத்தி, அதன்மேல் வெள்ளை மை பூசி, ஓரிடத்தை மட்டும் பூசாமல் விட்டால் அது கண்ணாடிபோன்ற சாளரமாக நிற்கும். ஒளிநகல் இயந்திரத்தால் அதைப் படியெடுக்க முடியாது. 1988இல் ஆஸ்திரேலியா முதல் நோட்டை வெளியிட்டது. பாலிமரில் நார் கிடையாது. ஆகவே காகிதத்துக்குரிய நீர்க்குறி அதில் அமையாது. அந்தக் குறையை ஈடுசெய்யும் கூறுகளில் நுண்கோடுகளால் செதுக்கி எழுப்பிய மனித முகமும் ஒன்று. ஒரு பூவின் இதழ் சற்றுக் கோணினால் நம் கண் அதைப் பொருட்படுத்தாது. பழகிய முகத்தில் உதட்டோரக் கோடு ஒன்று மாறினாலும் ஏதோ சரியில்லை என்று உடனே தோன்றும். பணத்தில் முகம் வைப்பதற்கு அரசியல் காரணம் எதுவும் இல்லாவிட்டாலும் இந்த ஒரு காரணம் போதும்.

ஆனால் முகம் வேண்டும் என்பது முடிவான பிறகு, எவர் முகம் என்பது அரசியல் கேள்வியாகிவிடுகிறது. 1999 செப்டம்பரில், ஓவியர் எங் சியாக் லோய் வடிவமைத்த உருவப்பட வரிசை காகிதத்தில் வந்தபோது, இரண்டு வெள்ளி முதல் பத்தாயிரம் வெள்ளி வரை ஏழு மதிப்புகளிலும் யூசோஃப் இஷாக்கே இருந்தார். சிங்கத்தலை இருந்த நீர்க்குறியிலும் அவர் முகம் வந்தது. பிறகு 2004இல் பத்து வெள்ளியும், 2006இல் இரண்டு வெள்ளியும், 2007இல் ஐந்து வெள்ளியும் பாலிமருக்கு மாறின. உணவங்காடி நிலையத்திலும் ஈரச்சந்தையிலும் மிகுதியாகக் கைமாறுகிற சிறிய மதிப்புகள் இவை. ஐம்பதும் அதற்கு மேற்பட்டவையும் காகிதமாகவே தொடர்ந்தன.

ஆட்சித் தலைவர், அரசுத் தலைவர்

லீ குவான் இயூ ஏன் இல்லை? சிங்கப்பூருக்கு வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எழும் முதல் கேள்வி இது. 1999இல் அவர் உயிரோடு, மூத்த அமைச்சராகப் பதவியில் இருந்தார் என்பது எளிய விடை. அதைவிட ஆழமான விடை, ஆட்சித் தலைவரையும் அரசுத் தலைவரையும் வேறுபடுத்திப் பார்க்கும் அரசமைப்பு மரபில் இருக்கிறது. பிரதமர் ஒரு கட்சியின் தலைவர். தேர்தலில் வாக்குக் கேட்பவர். அக்காலத்து அதிபர் நாடாளுமன்றத்தால் தெரிவு செய்யப்பட்டவர். நாட்டின் உருவகமாக நிற்பது அவர் கடமை. பணத்தாள் எல்லாக் கட்சியாரின் பையிலும் இருக்க வேண்டிய பொருள் என்றால், அதில் கட்சித் தலைவரைவிட அரசுத் தலைவர் பொருந்துவார்.

இதே தர்க்கம் ஜொகூர் நீரிணைக்கு அப்பாலும் செயல்பட்டிருக்கிறது. மலேசிய நோட்டுகளில் 1967 முதல் இருந்துவருபவர் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் என்று பலர் எண்ணுகிறார்கள். அங்கே இருப்பவர் முதல் மாமன்னரான துவாங்கு அப்துல் ரஹ்மான். 2004இல் ஐந்து ரிங்கிட்டும் 2012இல் ஒரு ரிங்கிட்டும் பாலிமரில் வந்தபோதும் அவரே தொடர்ந்தார். துவாங்குவுக்கும் யூசோஃபுக்குமிடையே உள்ள ஒற்றுமைகள் வியக்கத்தக்கவை. துவாங்குவின் நெகிரி செம்பிலான் மினாங்கபாவ் மரபில் ஊறிய மாநிலம். யூசோஃபின் தந்தைவழி முன்னோரும் மினாங்கபாவ் மக்கள். இருவரும் தத்தம் நாட்டின் முதல் அரசுத் தலைவர்கள். இருவரும் பதவியில் இருக்கும்போதே இறந்தவர்கள்: ஒருவர் 1960இல், மற்றவர் 1970இல். வேறுபாடு ஒன்றே, ஆனால் அது மிகப் பெரியது. துவாங்கு அரச குடும்பத்தில் பிறந்தவர். யூசோஃப் மீன்வளத் துறை ஊழியர் ஒருவரின் மகன். 1967 உடன்பாட்டின்படி சிங்கப்பூர் வெள்ளியும் புருணை வெள்ளியும் சமமதிப்பில் மாற்றிக்கொள்ளத்தக்கவை. ஆகவே புருணை சுல்தானின் உருவம் தாங்கிய நோட்டும் முன்னாள் பத்திரிகையாசிரியரின் உருவம் தாங்கிய நோட்டும் ஒரே கல்லாப்பெட்டியில் கிடக்கலாம். முடியில்லாத குடும்பத்திலிருந்து வந்த ஒருவரை மன்னர்களுக்குரிய இடத்தில் வைத்த துணிவு சிங்கப்பூருடையது.

ஆட்சித் தலைவரின் முகம் எத்தகைய ஆபத்துக்கு உட்பட்டது என்பதற்கு வங்கதேசம் சான்று. 2000இல் அந்நாடு வெளியிட்ட பத்து டாக்கா பாலிமர் நோட்டில் ஷேக் முஜிபுர் ரஹ்மான் இருந்தார். 2024 ஆகஸ்டு ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின், 2025 ஜூனில் வெளியான புதிய நோட்டுகளில் அவர் இல்லை. விடுதலைப் போரின் தலைவர் என்ற தகுதி அவருக்கு மாறவில்லை. அவர் பெயரால் நடந்த கட்சி ஆட்சி வீழ்ந்தபோது அவர் முகமும் விலக்கப்பட்டது.

யூசோஃபை நாட்டின் உருவகம் என்று சொல்வது மிகையுரையன்று. 1959 டிசம்பர் 3 அன்று அவர் யாங் டி பெர்துவான் நெகாராவாக, அதாவது அரசுத் தலைவராகப் பொறுப்பேற்றார். அன்றைக்கே நாட்டின் கொடியும், சின்னமும், ஸுபிர் சாயித் இசையமைத்த நாட்டுப்பண்ணும் மக்கள்முன் வைக்கப்பட்டன. கொடி, சின்னம், பாட்டு, மனிதர் என நான்கும் ஒரே விழாவில் அரங்கேறின. நாற்பதாண்டுக்குப் பின் அவர் முகம் நோட்டுக்கு வந்தது, அன்று தொடங்கியதன் தொடர்ச்சி. இந்த வகையில் 1999இன் முடிவு புதிதாக ஒரு தலைவரைத் தேடிக் கண்டெடுத்த முடிவாக எனக்குத் தெரியவில்லை. ஏற்கெனவே நாட்டின் சின்னமாக இருந்தவரைச் சின்னத்துக்குரிய இடத்தில் வைத்த முடிவு.

பின்பக்கத்தில் ஒரு வாழ்க்கை வரலாறு

உருவப்பட வரிசையின் பின்பக்கங்களுக்கு ஏழு கருப்பொருள்கள்: கல்வி, பூங்கா நகரம், விளையாட்டு, கலை, இளையர், அரசு, பொருளியல். அரசு தன் சாதனைகளை வரிசைப்படுத்திக் காட்டும் பட்டியலாகவே இதை விமர்சகர்கள் படித்திருக்கிறார்கள். அந்தப் படிப்பு சரியே, ஆனால் குறையுள்ளது. யூசோஃபின் வாழ்க்கையை அருகில் வைத்துப் பார்த்தால் வேறொரு வரிசை புலப்படும். இரண்டு வெள்ளி நோட்டின் பின்பக்கம் காட்டும் கட்டடங்களில் விக்டோரியா பிரிட்ஜ் பள்ளியும் பழைய ராஃபிள்ஸ் கல்வி நிலையமும் உள்ளன. 1920களில் சிங்கப்பூர் வந்த யூசோஃப் படித்தது அந்த இரண்டு பள்ளிகளிலும்தான். பத்து வெள்ளியில் நீச்சல், பூப்பந்து, காற்பந்து முதலிய விளையாட்டுகள். அவரோ இளமையில் குத்துச்சண்டைக் கோப்பை வென்றவர். 1933இல் எடைதூக்கலில் வெற்றியாளர். நண்பர்களோடு சேர்ந்து விளையாட்டு இதழே நடத்தியவர். நூறு வெள்ளியில் சீருடை அணிந்த இளையர் படைகள். அவர் பள்ளி மாணவர் படையில் அதிகாரியாக உயர்ந்தவர். ஆயிரம் வெள்ளியில் நாடாளுமன்றமும் இஸ்தானாவும். முதல் நாடாளுமன்றக் கூட்டத்தை 1965 டிசம்பர் 8 அன்று தம் உரையால் தொடங்கிவைத்தவர் அவர். இஸ்தானா அவருடைய அதிகாரபூர்வ மாளிகை.

இப்பொருத்தம் திட்டமிட்டதா, தற்செயலா என்பது என் வாதத்துக்கு முக்கியமன்று. இப்படிப் படிக்க இடம் இருக்கிறது என்பதே போதும். படித்துக்கொண்டு போனால் ஓர் இடைவெளி கண்ணில் உறுத்துகிறது. பள்ளி உண்டு, விளையாட்டு உண்டு, மாணவர் படை உண்டு, அதிபர் மாளிகை உண்டு. பள்ளிக்கும் மாளிகைக்கும் நடுவில் அவர் வாழ்ந்த முப்பதாண்டுகள் இல்லை. ஏழு கருப்பொருள்களில் இதழியலுக்கு இடமே இல்லை. மீன் உலர்த்தும் காட்சியைத் தீட்டிய சியோங் சூ பியெங்கின் ஓவியம் ஐம்பது வெள்ளியில் இடம்பெற்றிருக்கிறது. மலாய் மொழியை அரபு வரிவடிவில் எழுதும் ஜாவி எழுத்தில் அச்சான ஒரு செய்தித்தாள் எங்கும் இல்லை.

உத்துசான் மெலாயு

1932இல் யூசோஃப் வார்த்தா மலாயா நாளிதழில் சேர்ந்தார். மலாய் மொழியில் வெளிவந்தாலும் அது அரபு வணிகக் குடும்பத்தின் உடைமை. மலாய்க்காரரின் மூலதனத்தில், மலாய்க்காரரின் நிர்வாகத்தில், மலாய்க்காரருக்காகவே ஓர் இதழ் வேண்டும் என்ற எண்ணம் அப்துல் ரஹீம் கஜாய் போன்ற மூத்த இதழாளர்களிடமும் யூசோஃபிடமும் வலுப்பெற்றது. பணக்காரர் சிலரை நம்பாமல் பங்குகளைச் சாதாரண மக்களிடம் விற்றார்கள். வாங்கியவர்களில் வாடகை வண்டி ஓட்டுநர்களும் உழவர்களும் இருந்தனர். 1939 மே 29 அன்று உத்துசான் மெலாயுவின் முதல் இதழ் ஜாவி எழுத்தில் வெளிவந்தது. அப்போது யூசோஃபுக்கு வயது இருபத்தெட்டு.

அந்தப் பத்தாண்டின் சிங்கப்பூரைச் சற்று அகலமாகப் பார்க்க வேண்டும். 1923இலேயே டான் கா கீ நான்யாங் சியாங் பாவ் என்ற சீன நாளிதழைத் தொடங்கியிருந்தார். 1935இல் கோ. சாரங்கபாணியின் முயற்சியில் தமிழ் முரசு பிறந்தது. நான்காண்டு கழித்து உத்துசான் மெலாயு. ஒரு நகரத்துக்குள் மூன்று எழுத்துகளில் மூன்று பொதுமன்றங்கள் உருவாயின. ஒவ்வொன்றும் தன் மக்களின் சீர்திருத்தத்தை, கல்வியை, உரிமையைப் பேசிற்று. பல இனச் சிங்கப்பூர் 1965இல் சட்டத்தால் உண்டாயிற்று என்பது அரைகுறை வரலாறு. தம் மக்களுக்காக எழுதியபடியே அடுத்த மக்களோடு ஒரே தெருவில் வாழப் பழகிய இந்த அச்சகங்களில் அதற்கான பயிற்சி நடந்தது. யூசோஃப் அந்தப் பயிற்சியில் தேர்ந்தவர். தம் சமூகத்துக்காக உறுதியாக வாதாடியவர் என்பதாலேயே பிற சமூகங்களின் கோரிக்கையையும் அவரால் மதிக்க முடிந்தது. தன் மக்களுக்காக எதையும் கேட்காத ஒருவரைப் பொதுச் சின்னமாக உயர்த்தியிருந்தால் மலாய்க்காரர் அதை ஏற்றிருக்கமாட்டார்கள்.

ஜப்பானியர் ஆட்சியில் உத்துசான் நின்றுபோயிற்று; அதன் அச்சு இயந்திரங்கள் ஆக்கிரமிப்பாளரின் இதழுக்குப் பயன்பட்டன. போருக்குப் பின் மீண்டும் வெளிவந்தபோது அது காலனி எதிர்ப்பின் குரலாயிற்று. 1951இல் அதன் முன்னணி ஆசிரியர்களில் ஒருவரான சமாட் இஸ்மாயிலைப் பிரிட்டிஷ் அரசு விசாரணையின்றிக் காவலில் வைத்தது. அவருக்காக வாதாட யூசோஃப் நாடிச் சென்றது கேம்பிரிட்ஜிலிருந்து திரும்பியிருந்த ஓர் இளம் வழக்கறிஞரை. அவர் பெயர் லீ குவான் இயூ. பிற்காலத்தில் பிரதமரும் அரசுத் தலைவருமாக நின்ற இருவரின் உறவு, காவலில் இருந்த ஒரு பத்திரிகையாளரின் வழக்கில் வளர்ந்தது. நோட்டைப் பற்றி எழுதுகிற எவரும் இதைச் சொல்லாமல் கடப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

1950களின் இறுதியில் இதழின் தலைமையகம் கோலாலம்பூருக்கு மாறியிருந்தது. மலாயாவின் ஆளுங்கட்சியான அம்னோ அதைத் தன் பிடிக்குள் கொண்டுவர முனைந்தபோது, 1959இல் யூசோஃப் தம் பங்குகளை விற்றுவிட்டு விலகினார். இருபதாண்டு கட்டி வளர்த்ததை விட்டுச் சிங்கப்பூருக்கு வந்தவரை அந்த ஆண்டு பதவிக்கு வந்த புதிய அரசு பொதுச் சேவை ஆணையத்தின் தலைவராக்கிற்று. சில மாதங்களில் அரசுத் தலைவராக்கிற்று.

அவருக்குப் பின் உத்துசானின் ஆசிரியரானவர் சாயித் ஸஹாரி. 1961இல் கட்சிப் பிடிக்கு எதிராக இதழின் ஊழியர்கள் நடத்திய வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கினார். மலாயாவுக்குள் நுழைய அவருக்குத் தடை விதிக்கப்பட்டது. 1963 பிப்ரவரியில் சிங்கப்பூரில் நடந்த பெரும் கைது நடவடிக்கையில் அவரும் பிடிபட்டார். விசாரணை எதுவுமின்றி ஏறத்தாழப் பதினேழு ஆண்டு காவலில் இருந்து 1979இல் வெளிவந்தார். சமாட் இஸ்மாயில் பின்னாளில் மலேசியாவிலும் சிறைப்பட்டார். ஒரே ஆசிரியர் அறையில் அமர்ந்திருந்தவர்களில் ஒருவர் நாட்டின் நோட்டில் இருக்கிறார். ஒருவர் வாழ்வின் பதினேழு ஆண்டுகளைச் சிறையில் கழித்தார். அந்தக் கைதுகளை முடிவு செய்தது பிரிட்டன், மலாயா, சிங்கப்பூர் அரசுகள் இடம்பெற்ற பாதுகாப்பு மன்றம். அதிகாரமற்ற பதவியில் இருந்த யூசோஃபின்மேல் அதைச் சுமத்துவது நியாயமாகாது. ஆயினும் உத்துசானின் கதையைச் சொன்னால் இந்தக் கதையையும் சொல்லியாக வேண்டும். நோட்டு நாளிதழைச் சொல்லாமல் விட்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும் என்று நான் எண்ணுகிறேன். அதிபரின் வாழ்வில் சர்ச்சையற்ற பகுதிகளைப் பள்ளி, விளையாட்டு, மாளிகை என எடுத்துக்கொள்ளலாம். அச்சகத்தைத் தொட்டால் அதனோடு சிறையும் வரும்.

1964 அந்தச் சிக்கலை இன்னும் இறுக்குகிறது. கோலாலம்பூரிலிருந்து கட்சிக் குரலாக வெளிவந்த உத்துசான் மெலாயு, மலாய்க்காரரைத் தூண்டிவிட்டுக் கலவரத்துக்கு வழிகோலியது என்று சிங்கப்பூர் அரசு குற்றஞ்சாட்டியது. ஜூலை கலவரத்தில் இறந்தவர்கள் இருபத்துமூவர். தாம் உருவாக்கிய இதழ் அப்படிக் குற்றஞ்சாட்டப்பட்ட நாட்களில், சிங்கப்பூரின் அரசுத் தலைவராகக் கலவரப் பகுதிகளுக்குப் போய் எல்லா இனத்தாரிடமும் பேசி அமைதிப்படுத்த முயன்றவர் யூசோஃப். அவருடைய சொல்லுக்கு மலாய் வீடுகளில் மதிப்பு இருந்தது, அவர் உயர்ந்த பதவியில் இருந்ததால் மட்டுமன்று. உத்துசானைத் தொடங்கியவர் என்ற பெயர் அவருக்கு முன்னே அந்த வீடுகளுக்குள் போயிருந்தது.

அடையாள மரியாதை என்ற குற்றச்சாட்டு

இங்கே ஒரு வலுவான மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். அதிகாரம் பெரும்பான்மையிடம் இருக்க, சிறுபான்மையினர் ஒருவரின் முகத்தை நோட்டில் அச்சிடுவது வெறும் அடையாள மரியாதைதானே என்பது அந்த மறுப்பு. 1970க்குப் பிறகு சிங்கப்பூருக்கு மலாய் அதிபர் வாய்க்கவில்லை. ஹலிமா யாக்கோப் 2017இல் பதவியேற்கும்வரை நாற்பத்தேழு ஆண்டுகள் சென்றன. அதற்கும் 2016இல் அரசமைப்பைத் திருத்தி, மலாய்ச் சமூகத்துக்கு ஒதுக்கப்பட்ட தேர்தலாக அதை நடத்த வேண்டியிருந்தது. 1999இல் நோட்டு வெளியானபோது அதிபர், தமிழ் வழிவந்த எஸ். ஆர். நாதன், பதவியேற்றுச் சில நாட்களே ஆகியிருந்தன. மாளிகையில் இல்லாதவரை நோட்டில் வைத்து ஈடுகட்டினார்கள் என்று ஒருவர் சொன்னால் அதை எளிதில் தள்ளிவிட முடியாது.

நான் இந்த மறுப்பைப் பாதியளவு ஏற்கிறேன். நோட்டில் உள்ள முகம் வேலைவாய்ப்பையோ வீட்டுக் கடனையோ கல்வி இடைவெளியையோ மாற்றுவதில்லை. ஆனால் அந்த முகத்துக்குச் செயலே இல்லை என்பதை ஏற்க மாட்டேன். சீனப் புத்தாண்டுக்குச் சிவப்பு உறையிலும், நோன்புப் பெருநாளுக்குப் பச்சை உறையிலும், தீபாவளிக்கு நம்மவர் தரும் உறையிலும் புதிய இரண்டு வெள்ளியும் பத்து வெள்ளியும் வைக்கப்படுகின்றன. மூன்று பண்டிகைகளிலும் குழந்தைகள் கைக்குப் போவது சொங்கோக் அணிந்த அதே மனிதர். பெரும்பான்மையினரின் வீட்டுக் கொண்டாட்டத்துக்குள் சிறுபான்மையினர் ஒருவர் விருந்தாளியாக அன்றி உரிமையாளராக நுழைவது உலகில் எத்தனை நாடுகளில் நடக்கிறது? அடையாள மரியாதை என்ற குற்றச்சாட்டு முழுமையாகப் பொருந்துவது, அந்த மனிதரின் உள்ளடக்கத்தை எடுத்துவிட்டு உருவத்தை மட்டும் வைத்துக்கொள்ளும்போதுதான். பத்திரிகையாளரை மறைக்கும் நோட்டு அந்தக் குற்றச்சாட்டுக்குத் தானே இடம் கொடுக்கிறது.

உருவம் நிலைத்துப் பெயர் நழுவுவதற்கு 2015 ஒரு வேதனையான எடுத்துக்காட்டு. பொன்விழாவுக்காகச் சிங்கப்பூர் நாணய ஆணையம் பாலிமரில் ஆறு நினைவு நோட்டுகளை வெளியிட்டது: ஓர் ஐம்பது வெள்ளி, ஐந்து பத்து வெள்ளி. ஐம்பது வெள்ளியின் முன்புறம் யூசோஃப்; பின்புறம் ‘மெர்டேக்கா’ (விடுதலை) என்று முழங்கும் லீ குவான் இயூ. நோட்டுகளில் பிழை எதுவுமில்லை. அவற்றை வைத்துத் தந்த உறையில் முதல் அதிபரின் பெயர் ‘யூசோக்’ என்று அச்சாகியிருந்தது. ஆணையம் மன்னிப்புக் கேட்டது. அச்சுப்பிழை எங்கும் நேரும். எனினும் பதினாறாண்டு ஒவ்வொரு நோட்டிலும் இருந்த மனிதரின் பெயர் சரிபார்ப்பவர்களின் கண்ணுக்குப் படாமல் போனது, முகம் பழகும் அளவுக்கு மனிதர் பழகவில்லை என்பதைக் காட்டிவிட்டது.

இதை அரசு உணரவில்லை என்று சொல்லிவிட முடியாது. 2014இல் அறிவித்தபடி தென்கிழக்காசிய ஆய்வுக் கழகத்துக்கும், உட்லண்ட்ஸில் ஒரு பள்ளிவாசலுக்கும், தேசியப் பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் பதவிக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டது. 2019இல் வந்த இருபது வெள்ளி நினைவு நோட்டு இன்னும் நல்ல திசையைக் காட்டியது. முன்புறம் வழக்கம்போல் யூசோஃப். பின்புறம் எட்டு முன்னோடிகள். தமிழும் அரபும் கலந்த மரபில் வந்து மலாய் உரைநடைக்குப் புதுவழி காட்டியவரும், மதபோதகர்களின் அச்சகத்தில் பணியாற்றியவருமான முன்ஷி அப்துல்லா. நான்யாங் சியாங் பாவ் தொடங்கிய டான் கா கீ. சிராங்கூன் ரோட்டில் கடை வைத்து வளர்ந்து கோயில்களுக்கும் அறப்பணிகளுக்கும் வாரி வழங்கிய பி. கோவிந்தசாமி பிள்ளை, ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்டு மாண்ட அட்னான் சாயிடி, இன்னும் நால்வர். பெயரும் தொழிலும் உள்ள மனிதர்களை நோட்டில் கொண்டுவர முடியும் என்பதை அது மெய்ப்பித்தது. அச்சுத்தொழிலோடு உறவுடைய இருவர் பின்புறத்தில் இருக்க, முன்புறத்தில் உள்ளவரும் அதே தொழிலினர் என்பதைச் சொல்ல ஒரு கோடுகூட அதில் இல்லை.

உருவப்பட வரிசை வெளியாகிக் கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. பத்தாயிரம் வெள்ளி நோட்டு அச்சிடுவது 2014இலும் ஆயிரம் வெள்ளி 2021இலும் நிறுத்தப்பட்டன. என்றேனும் புதிய வரிசை ஒன்று வரைபலகைக்கு வரும்போது யூசோஃப் இஷாக்கை மாற்ற வேண்டியதில்லை. அவரைவிடப் பொருத்தமானவரை நான் காணவில்லை. அவர் அருகில் 1939 மே 29ஆம் நாளின் உத்துசான் மெலாயு முதற்பக்கத்தை ஜாவி எழுத்தோடு வைக்க வேண்டும். அதுவரை, சிங்கப்பூர் வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்கள் இரண்டு வெள்ளி நோட்டை வகுப்பில் எடுத்துக்காட்டும்போது, பின்பக்கத்தில் உள்ள பள்ளியிலிருந்து முன்பக்கத்தில் உள்ள அதிபருக்கு நேரே தாவாமல், இடையில் இருந்த செய்தியறையையும் அதில் பணியாற்றிய சமாட் இஸ்மாயிலையும் சாயித் ஸஹாரியையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.